நஷ்டஈடும் நாள் கணக்கும்

ஐப்பசி பிறந்தால் சிட்லபாக்கத்து வியாபாரிகள் வானத்தை ஒரு முறையும், தங்கள் கடை வாசற்படியை ஒரு முறையும் பார்ப்பது வழக்கமாகி விட்டது. அதற்குக் காரணமுண்டு. 2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி காலை முதல் மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதை அவர்கள் மறக்கவில்லை. சேலையூர் ஏரியின் உபரி நீர் சிட்லபாக்கம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து செம்பாக்கம் ஏரிக்கும், பின் மற்ற ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போய்ச் சேரவேண்டுமென்பது நம் முன்னோர் வகுத்த ஏற்பாடு. ஏரி சுருங்கி, கால்வாய் அடைபட்ட பின்னர், தண்ணீர் தெருவையும் கடையையும் நாடிற்று. 2021-ம் வருஷத்து மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாம்பரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் வெள்ளத்தின் பயம் மீண்டும் பிடித்துக் கொண்டது.

வெள்ளம் ஏன் வருகிறதென்பதைப் பற்றி நாம் இன்று எழுதப் போவதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு வருகிற கணக்கே நமது விஷயம். அரிசி மூட்டை நனைந்து போன மளிகைக் கடைக்காரரும், குளிர்ப்பெட்டியோடு மருந்துகளை இழந்த மருந்துக் கடைக்காரரும், இயந்திரத்தில் சேறு புகுந்த அச்சகத்தாரும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் வாயிலில் போய் நிற்கும்போது அவர்களுக்குக் கிடைப்பது என்ன? எப்போது? எவ்வளவு? இம்மூன்று கேள்விகளில் 'எப்போது' என்பதற்குச் சமீப காலத்தில் நல்ல விடை கிடைத்திருக்கிறது. 'எவ்வளவு' என்பதற்கு இன்னும் கிடைக்கவில்லை. இதுவே நமது முறையீடு.

நல்ல விடையை முதலில் சொல்லி விடுவோம். பழைய விதிகளின்படி நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க 72 மணி நேரமும், அவர் அறிக்கை கொடுக்க 30 நாட்களும், அதைப் பார்த்துக் கம்பெனி முடிவு செய்ய மேலும் 30 நாட்களும் அளிக்கப்பட்டிருந்தன. 2024 ஜூன் மாதம் இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட பொதுச் சுற்றறிக்கை இந்தக் கெடுக்களை வெகுவாகச் சுருக்கி விட்டது. நஷ்டத்தைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமனம். 15 நாட்களுக்குள் அவர் அறிக்கை. அறிக்கை வந்த 7 நாட்களுக்குள் கம்பெனியின் தீர்மானம். தஸ்தாவேஜு ஒன்று குறைகிறதென்ற காரணத்துக்காக மட்டும் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கலாகாது என்றும் அச்சுற்றறிக்கை கூறுகிறது. வேண்டிய தஸ்தாவேஜுகளைப் பாலிஸி கொடுக்கும்போதே கேட்டு வாங்கியிருக்க வேண்டுமாம்! இந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஆணையத்தைப் பாராட்டலாம். பிரீமியம் வாங்கும் நாளில் ஒரு கேள்வியும் கேளாமல், நஷ்டம் வந்த நாளில் நூறு கேள்வி கேட்கும் பழக்கத்துக்கு இது தக்க அடி.

ஆயினும் வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு ஒரு சந்தேகம் எழாமலிருக்காது. தஸ்தாவேஜு இல்லையென்று நிராகரிக்கக் கூடாது, சரி. தஸ்தாவேஜு இல்லாத பகுதியின் தொகையைக் குறைக்கலாமா? குறைக்கக் கூடாதென்று எவரும் சொல்லவில்லை. 20 லட்ச ரூபாய் நஷ்டமென்று கேட்டவருக்கு 22 நாட்களில் 6 லட்ச ரூபாய் கிடைக்குமாயின், சட்டம் குறித்த கெடு தவறாமல் நிறைவேறியதாகிறது. நிராகரிப்புக் கணக்கிலும் அது சேராது. நிராகரிப்புக் குறைந்து குறைப்புப் பெருகும் காலத்தை நோக்கி நாம் போகிறோமோ என்று அஞ்சுகிறோம்.

குறைப்பு எப்படி நேருகிறதென்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் கடைக்காரர்களில் பலர் அதை நஷ்டத்துக்குப் பிறகுதான் முதல் முறையாகக் கேள்விப்படுகிறார்கள். ஒருவர் கடையில் 40 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. பிரீமியம் குறைய வேண்டுமென்று 20 லட்சத்துக்கு மட்டும் இன்ஷ்யூர் செய்கிறார். வெள்ளத்தில் 10 லட்ச ரூபாய்ச் சரக்குப் பாழாகிறது. நஷ்டம் இன்ஷ்யூர் செய்த தொகைக்குள்தானே இருக்கிறது, 10 லட்சமும் வந்து விடுமென்று அவர் நினைக்கிறார். வருவது 5 லட்சம். பாதிச் சரக்குக்குத்தான் நீர் இன்ஷ்யூர் செய்தீர், ஆகையால் பாதி நஷ்டம் உம்முடையதே என்பது 'சராசரி' ஷரத்தின் நியாயம். இது அநியாயமென்று நாம் சொல்ல மாட்டோம். பாதிப் பிரீமியம் கொடுத்தவருக்கு முழு ஈடு கொடுத்தால் முழுப் பிரீமியம் கொடுத்தவன் ஏமாளியாவான். ஆனால் இந்த நியாயத்தைப் பாலிஸி விற்ற நாளில் அவர் காதில் போட்டவர் யார்?

2021 ஏப்ரல் 1 முதல் ஆணையம் சிறு தொழில்களுக்கென்று ஒரு பொதுப் பாலிஸியை வகுத்தது. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தையுடைய தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்றும், 5 கோடிக்கு மேல் 50 கோடி வரையில் 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' என்றும் பெயர். இவற்றில் புயலும் வெள்ளமும் பாலிஸிக்குள்ளேயே அடங்கும். முந்தைய தீ இன்ஷ்யூரன்ஸில் சில ரூபாய்களை மிச்சப்படுத்த வெள்ளத்தை நீக்கிக் கொள்ளும் வழியுமிருந்தது. தாம்பரம் பக்கத்தில் அப்படி நீக்கிக் கொள்வது மழைக்காலத்தில் குடையை விற்றுச் செருப்பு வாங்குவது போலத்தான். மேலும், மதிப்புக்கும் இன்ஷ்யூர் தொகைக்குமுள்ள குறை 15 சதவிகிதத்துக்கு மேற்படாவிட்டால் சராசரிக் குறைப்பே கிடையாது. 20 லட்சச் சரக்குக்கு 17 லட்சம் இன்ஷ்யூர் செய்தவருக்கும் முழு நஷ்டம் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பெயர் வடமொழியில், ஷரத்துக்கள் ஆங்கிலத்தில், நஷ்டம் மட்டும் தமிழில் என்று அதன் நிலைமை இருக்கிறது.

கடையடைப்பால் நின்று போன வியாபாரத்தின் லாபத்துக்கு இந்தப் பாலிஸியில் ஈடு இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பத்து நாள் தண்ணீர் நின்றால் பத்து நாள் வாடகையும் ஆட்கூலியும் கடைக்காரரைச் சேர்ந்ததே. அதற்குத் தனிப் பாலிஸி உண்டு; சிறு கடைகளில் அதை எடுத்தவர்களைக் காண்பது அரிது.

அடுத்தபடியாக வங்கியின் விஷயம். சரக்கின் பேரில் கடன் வாங்கிய வியாபாரிக்காக வங்கியே இன்ஷ்யூரன்ஸ் ஏற்பாடு செய்து, பிரீமியத்தை அவர் கணக்கில் பற்று எழுதி விடுகிறது. பாலிஸிப் பத்திரம் வங்கியின் இரும்புப் பெட்டியில் உறங்குகிறது. எந்த விலாசத்திலுள்ள சரக்கு, எந்தக் கட்டடம், எவ்வளவு தொகை என்பதைக் கடைக்காரர் கண்ணால் பார்ப்பதில்லை. கடையை ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு மாற்றிய பின்னும் பழைய விலாசமே பாலிஸியில் நிற்பதுண்டு. வங்கிக்கு மாதா மாதம் கொடுத்த சரக்குக் கணக்கில் ஒரு தொகை, கடைப் புத்தகத்தில் வேறொரு தொகை, ஜி.எஸ்.டி. கணக்கில் மூன்றாவது தொகை என்றிருந்தால், சர்வேயர் மூன்றில் குறைந்ததையே எடுத்துக் கொள்வார். கடன் அதிகம் வேண்டுமென்று வங்கியிடம் சரக்கைக் கூட்டிச் சொல்வதும், வரி குறைய வேண்டுமென்று சர்க்காரிடம் குறைத்துச் சொல்வதும் நம் வியாபாரிகளில் சிலருக்குள்ள பழக்கம். வெள்ள நாளில் இரண்டு கணக்கும் எதிரெதிராக வந்து சாட்சி சொல்லும். கம்பெனிகளைக் குறை கூறப் புகுந்த நாம் இதையும் மறைக்காமல் சொல்வதே முறை.

நனைந்த சரக்கின் கதை வேறு விதமானது. அழுகும் அரிசியையும் பருப்பையும் உடனே அகற்றாவிட்டால் நோய் பரவும் என்று நகர சுகாதார ஊழியர்கள் துரிதப்படுத்துகிறார்கள். சர்வேயர் வந்து பார்க்கும் வரையில் எதையும் அப்புறப்படுத்தக் கூடாதென்று கம்பெனி சொல்லுகிறது. ஊர் முழுவதும் ஒரே நாளில் நனைந்திருக்கும்போது சர்வேயர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 24 மணி நேரத்தில் 'நியமனம்' ஆகலாம். நியமனமானவர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து சேர வேண்டுமல்லவா? பொது விபத்துக் காலங்களில் படமெடுத்து எடை போட்டுப் பட்டியலிட்ட சரக்கை அகற்றலாமென்றும், அந்தப் பட்டியலே சாட்சியாகுமென்றும் ஆணையம் தெளிவாக உத்தரவிட வேண்டும். தாம்பரம் மாநகராட்சியின் சுகாதார அதிகாரி சரக்கை அகற்றும்போதே ஒரு சான்றுச் சீட்டு கொடுப்பது அவருக்குப் பெருஞ் சிரமமாகாது.

சர்வேயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1938-ம் வருஷத்து இன்ஷ்யூரன்ஸ் சட்டம் அவரை இரு தரப்புக்கும் நடுவான மதிப்பீட்டாளராகவே கருதுகிறது. ஆனால் அவரை நியமிப்பது கம்பெனி. கூலி கொடுப்பதும் கம்பெனி. அவர்களில் நேர்மையானவர்கள் பலர் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் ஒரு தரப்பின் கூலியில் நடுநிலை காப்பது மனித சுபாவத்துக்குக் கடினமான பரீட்சை. சர்வேயரின் அறிக்கை இறுதி வார்த்தையல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் கூறியிருக்கிறது. அதே வருஷத்தில் வேறொரு வழக்கில், தனக்குப் பிடித்த அறிக்கை வரும் வரையில் ஒருவர் பின் ஒருவராகச் சர்வேயரை மாற்றிக்கொண்டிருக்கக் கம்பெனிக்கு உரிமையில்லை என்றும் தீர்ப்பளித்தது. அறிக்கையின் பிரதியைக் கேளாமலே கடைக்காரருக்கு அனுப்பி வைக்கும் வழக்கம் ஏற்பட்டால் இந்தத் தீர்ப்புகளுக்கு உயிர் வரும். எந்த மூட்டைக்கு எவ்வளவு கழித்தார்களென்று தெரியாதவன் எதை எதிர்த்து வாதாடுவான்?

பிறகு 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற ரசீது. கையில் காசில்லாமல், கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் 10 லட்சத்துக்குப் பதிலாக 4 லட்சத்தை நீட்டி, இதில் கையெழுத்திட்டால் நாளை பணம் என்றால், எவர்தான் கையெழுத்திட மாட்டார்? பலவந்தத்தாலோ வஞ்சகத்தாலோ வாங்கிய அத்தகைய ரசீது வழக்குத் தொடரும் உரிமையைத் தடுக்காதென்று சுப்ரீம் கோர்ட் 1999-ல் அஜ்மீர் சிங் பஞ்சாலை வழக்கிலேயே சொல்லிற்று. 2015 செப்டம்பரில் ஆணையமும் அதையொட்டிச் சுற்றறிக்கை விட்டது. ஆகவே குறைந்த தொகையைப் பெற்றுக்கொள்ளும் கடைக்காரர், 'எதிர்ப்புடன் பெற்றுக் கொள்கிறேன்' என்று எழுதி அன்றைக்கே ஒரு கடிதம் அனுப்பி வைப்பது நலம். கையெழுத்திட்டு ஆறு மாதம் மௌனமாயிருந்து விட்டுப் பிறகு பலவந்தமென்று கூறினால் கோர்ட்டார் புருவத்தை உயர்த்துவார்கள்.

நிலவறைக் கடைகள் பெருகி வரும் புறநகர்களுக்கு 2022 நவம்பர் தீர்ப்பொன்று மிகவும் முக்கியமானது. நிலவறையிலிருந்த கடை ஒன்றைக் கம்பெனியார் நேரில் பார்த்துப் பாலிஸி கொடுத்தார்கள். தீப்பிடித்தபோது, நிலவறைக்குப் பாலிஸி செல்லாதென்ற ஷரத்தைக் காட்டிக் கையை விரித்தார்கள். டெக்ஸ்கோ வழக்கு என்று பெயர் பெற்ற அதில், நமது நாட்டவரான நீதிபதி எம். எம். சுந்தரேஷ் எழுதிய தீர்ப்பு, ஒப்பந்தத்தின் நோக்கத்தையே கொன்று விடும் ஷரத்து செல்லாதென்று அடித்துக் கூறிற்று. தெரிந்தே பிரீமியம் வாங்கி விட்டுத் தெரியாதது போல நடிக்க இடமில்லை என்பதே அதன் சாரம்.

ஆனால் கோர்ட்டை நாடுவதன் காலக் கணக்கையும் நேயர்கள் அறிய வேண்டும். 2002-ல் குஜராத் கலவரத்தில் எரிந்துபோன ஹர்ஸோலியா மோட்டார்ஸ் என்ற வியாபார ஸ்தாபனத்தின் கோரிக்கை நுகர்வோர் கமிஷனுக்குப் போயிற்று. வியாபாரி நுகர்வோராவானா என்ற ஆட்சேபம் கிளம்பிற்று. ஆவான், நஷ்டத்தை ஈடு செய்து கொள்ள இன்ஷ்யூர் செய்வது லாப வியாபாரமாகாது என்று சுப்ரீம் கோர்ட் முடிவு கூறியது 2023 ஏப்ரலில்! வழக்கை விசாரிக்கலாமா என்ற கேள்விக்கு விடை காணவே இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. விரைவாகவும் செலவில்லாமலும் தீர்க்க இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளர் சென்னையிலேயே இருக்கிறார்; 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்க 2023 முதல் அவருக்கு அதிகாரமுண்டு. தனி உடைமையாளர்களும் மிகச் சிறு தொழில்களும் அவரிடம் செல்லலாம். அதற்கு ஒரு படி மேலேயுள்ள சிறு தொழிற்சாலைக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 2023-ல் அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைகளில் தண்ணீர் புகுந்தபோது அவதிப்பட்டவர்களில் பலர் இந்த வகையினர். குறைதீர்ப்பாளரின் வாசலை அவர்களுக்கும் திறந்து விடுவதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். விதியில் ஒரு திருத்தம் போதும்.

இப்போது இயந்திர யுகத்தின் புதுமைகளைப் பற்றிப் பேச்சு மிகுந்திருக்கிறது. கைபேசிப் படத்தைப் பார்த்தே சிறு கோரிக்கைகளைத் தீர்க்கிறார்கள். வானத்தில் சுற்றும் கோள்கள் எடுத்த வெள்ளப் படத்தைப் பார்க்கிறார்கள். கணக்கிடும் இயந்திரம் சந்தேகத்துக்கிடமான கோரிக்கையைப் பொறுக்கியெடுக்கிறது. சிறு தொகைகள் விரைவில் கைக்கு வருமாயின் இவற்றை வரவேற்போம். கோளுக்குத் தெருவின் தண்ணீர் தெரியும்; கடையின் கீழ்த்தட்டில் எத்தனை மூட்டை இருந்ததென்று தெரியாது.

இன்னும் ஒரு படி மேலே போய், நஷ்டத்தை மதிப்பிடவே வேண்டாம், இவ்வளவு சென்டிமீட்டர் மழை பெய்தால் இவ்வளவு பணம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து கொள்ளும் முறை வந்திருக்கிறது. நாகாலாந்து சர்க்கார் இம்முறையில் மாநிலத்துக்கே இன்ஷ்யூர் செய்து கொண்டது. 2024 கோடையில் வெப்பம் எல்லை மீறிய போது 'சேவா' சங்கத்துப் பெண் தொழிலாளர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இம்முறையில் சிறு தொகைகள் சென்றன. சர்வேயரும் இல்லை, தகராறும் இல்லை. அழகான யோசனைதான். ஆனால் மழைமானி எங்கே இருக்கிறது? 2015-ல் தாம்பரம் 49 சென்டிமீட்டர் பெற்ற அதே நாளில் மீனம்பாக்கம் பெற்றது 35, நுங்கம்பாக்கம் பெற்றது 29. நுங்கம்பாக்கத்து மானியைக் கொண்டு ஒப்பந்தம் எழுதியிருந்தால் சிட்லபாக்கத்துக் கடைக்காரர் மூழ்கிய பிறகும் 'மழை போதவில்லை' என்ற பதிலே பெற்றிருப்பார். தவிர, இங்கே வெள்ளம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. மேலேயுள்ள ஏரியிலிருந்தும் வருகிறது. ஏரியின் நீர் மட்டத்தையும் அளவுகோலில் சேர்த்தாலொழிய இம்முறை இவ்வூருக்குப் பொருந்தாது.

இன்ஷ்யூரன்ஸ் தொழிலே சுதேசி இயக்கத்தோடு வளர்ந்தது என்பதை நம் நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வங்காளப் பிரிவினையை எதிர்த்து நாடு கிளர்ந்தெழுந்த நாட்களில், 1906-ல், சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி தோன்றிற்று. நம் பணம் நம் நாட்டிலேயே தங்க வேண்டுமென்பது அன்றைய வாதம். 1973-ல் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் நூற்றுக்கு மேற்பட்டவை தேசவுடைமையாகி நான்காயின. 2000-க்குப் பின் தனியாருக்குக் கதவு திறந்தது. அந்நிய மூலதனத்தின் உச்ச வரம்பு 26 சதவிகிதத்திலிருந்து 49, 74 என்று உயர்ந்து, 2025 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தால் 100 சதவிகிதமாகி விட்டது. மூலதனம் எந்தத் தேசத்ததென்ற கேள்வி பெரிய கேள்விதான். ஆனால் கோரிக்கையைத் தீர்மானிக்கும் அதிகாரி எங்கே உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சிட்லபாக்கத்தின் தாழ்வான தெரு எதுவென்று தெரியுமா என்பது கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய கேள்வி. தேசவுடைமைக் கம்பெனியிலும் இக்கேள்விக்கு எப்போதும் நல்ல விடை கிடைத்ததாக நாம் சொல்லத் துணியோம்.

2015 வெள்ளத்தின் மொத்தப் பொருள் நஷ்டத்தில் இன்ஷ்யூரன்ஸ் மூலம் ஈடானது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கென்பது ஸ்விஸ் ரீ கம்பெனியின் மதிப்பீடு. எஞ்சியது ஜனங்களின் தலையில் விழுந்தது. பெரிய தொழிற்சாலைகள் சேர்ந்ததால்தான் அந்த மூன்றிலொரு பங்காவது வந்தது. சின்னக் கடைகளை மட்டும் எடுத்தால் மிகச் சொற்பமாகவே இருக்கும். ஆயுள் அல்லாத இன்ஷ்யூரன்ஸுக்கு நம் தேசம் செலவிடுவது மொத்த உற்பத்தியில் சுமார் 1 சதவிகிதமே. இந்த நிலையில் 2025 செப்டம்பரில் தனி நபரின் ஆயுள், ஆரோக்கிய இன்ஷ்யூரன்ஸ்களுக்கு வரியை நீக்கிய சர்க்கார், கடைச் சரக்கின் இன்ஷ்யூரன்ஸுக்கு 18 சதவிகித வரியை அப்படியே வைத்திருக்கிறது. பெரிய கம்பெனி அவ்வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக் கொள்ளும். தொகுப்பு வரித் திட்டத்திலுள்ள சிறு கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை; முழுதும் அவர் கைப்பணம். இது விபரீதமல்லவா?

சிட்லபாக்கத்தார் ஒரு காரியத்தைச் செய்து காட்டியவர்கள். 80 ஏக்கருக்கு மேற்பட்டிருந்த தங்கள் ஏரி ஏறக்குறையப் பாதியாகக் குறுகி, குப்பை மேடாகிக்கொண்டிருந்த போது, 2019 கோடையில் குடியிருப்போர் தாமே மண்வெட்டியுடன் இறங்கினார்கள். அதன் பிறகே சர்க்கார் 25 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. அவ்வூர் 2021 நவம்பர் முதல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்து விட்டது. சேர்ந்து நின்று கேட்கும் பழக்கம் போய்விடவில்லையென்று நம்புகிறோம். ஏரிக்காகக் கூடிய கைகள் பாலிஸிக்காகவும் கூடலாம். வியாபாரிகள் சங்கம் புரட்டாசி மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒவ்வொருவரும் தம் பாலிஸியை வங்கியிலிருந்து வரவழைத்துக் கொண்டு வந்து, விலாசம், தொகை, வெள்ளம் அடங்கியதா என்ற மூன்றை மட்டும் ஒரு வக்கீலையோ கணக்கரையோ வைத்துச் சரி பார்க்கட்டும். சரக்கை அன்றே படமெடுத்து வைக்கட்டும். ஆரோக்கிய இன்ஷ்யூரன்ஸில் ஷரத்துக்களின் சுருக்கத்தைக் கேட்பவர் மொழியில் கொடுக்க வேண்டுமென்று ஆணையம் விதித்திருக்கிறது. கடை இன்ஷ்யூரன்ஸுக்கும் அந்த விதியை நீட்டித்து, 'சராசரி' ஷரத்தை முதல் பக்கத்தில் தமிழில் அச்சிடச் செய்ய வேண்டுமென்று அதே கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி ஆணையத்துக்கு அனுப்பட்டும். அத்தீர்மானத்தின் பிரதி நமக்கும் வருமாயின், இந்தப் பத்தியிலேயே வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.